படிக்க முடிந்த கட்டை

குழந்தைசாமிக்கு எழுத்துத் தெரியாது என்பது திருக்கோகர்ணத்தில் அவர் குடியிருந்த தெருவுக்கே தெரியும். வல்லத்திராக்கோட்டைக்கு மட்டும் தெரியாது. தெரியாமலே இருந்தால் நல்லது என்று அவரும் அவர் மனைவி சொர்ணமும் நினைத்தார்கள். மகள் பிரகதாம்பாளை அந்த ஊரில்தான் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது.

தப்பு குழந்தைசாமியுடையது அல்ல. சொர்ணத்தின் தம்பி ராசுவின் வாய் செய்த வேலை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா அய்யாக்கண்ணு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். பையன் செல்லமுத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்; பெண் எடுக்கிற வீடு எழுத்துத் தெரிந்த வீடாக இருக்கவேண்டும், எப்படி என்று. ராசு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்னங்க இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? எங்க மச்சான் அச்சாபீசுல எழுத்தையே செதுக்குறவரு. அவரு செதுக்கிக் குடுத்தாத்தான் ஊரே படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சங்கடமே அதுதான்.

வெற்றிலை பாக்கு மாற்ற வந்த அன்றைக்கு அய்யாக்கண்ணு குழந்தைசாமியிடம் சண்டைச் செய்தி கேட்டார். ஜப்பான்காரன் எதுவரைக்கும் வந்திருக்கிறான், பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று. குழந்தைசாமி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அது போகுதுங்க" என்றார். நிறையப் படித்தவர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று அய்யாக்கண்ணு போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம். அதைக் கேட்ட பிறகு குழந்தைசாமிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏமாற்றிப் பெண் கொடுத்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப் போவது அவர் இல்லை, பிரகதாம்பாள். வாழப் போகிற வீட்டில் வாய்க்கு வாய் அதையே சொல்லிக் காட்டுவார்களே என்பதுதான் பயம்.

எழுத்துத் தெரியாதவர் எழுத்தை எப்படிச் செதுக்கினார் என்று கேட்கலாம். அதற்குத் தெரியவேண்டியதில்லை. தெற்கு மூன்றாம் வீதியில் ரெங்கசாமி ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். நார்த்தாமலைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்ததும் பிழைக்க வந்த குழந்தைசாமி அங்கே முதலில் அச்சு இயந்திரம் மிதித்தார். ஒரு மத்தியானம் சும்மா கிடந்த கட்டையில் மயில் ஒன்றைச் செதுக்கி வைத்தார். அன்றோடு மிதிக்கிற வேலை போய்விட்டது. ஈயத்தில் வார்த்து வராத பிள்ளையார், பூரண கும்பம், சோடா புட்டி, ஜவுளிக்கடைக்குப் பெரிய கொட்டை எழுத்து, எல்லாம் மஞ்சக்கடம்புக் கட்டையில் அவர் உளிதான்.

எழுத்து வேண்டுமென்றால் யாராவது காகிதத்தில் எழுதித் தருவார்கள். அதை எழுதிய முகம் கட்டையில் படும்படி குப்புற ஒட்டவேண்டும். மேலே விளக்கெண்ணெய் தடவினால் காகிதம் தெளிந்து, எழுத்து இடவலம் மாறித் தெரியும். தெரிகிறபடியே செதுக்கினால் அச்சில் நேராக விழும். பதினைந்து வருஷமாகக் குழந்தைசாமி பார்த்த எழுத்தெல்லாம் இப்படிக் கட்டையில் புரண்டு கிடந்த எழுத்துதான். அச்சாகிக் காகிதத்தில் வந்ததை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மை எங்காவது திட்டாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

கல்யாணம் ஆவணி மாதம் என்று ஆனதும் தமிழ் வாத்தியார் முத்துராமன் தானாகவே ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டார். அவர் பாட்டுக் கட்டுகிறவர். குழந்தைசாமியின் கைவேலை மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. வாழ்த்துப்பா எழுதித் தருகிறேன், அதுவும் சாதாரண வாழ்த்து இல்லை, நாகபந்தம் என்றார். இரண்டு பாம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு பாம்பின் உடம்பிலும் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு பாட்டு ஓடும். உடம்புகள் குறுக்கே வெட்டுகிற இடத்தில் உள்ள எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. வளைந்து வளைந்து போகிற பாட்டை ஈய எழுத்தில் கோக்க முடியாது. கட்டைதான் வேண்டும். கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று வாத்தியார் கேட்டார்.

சொர்ணம் ஒப்பவில்லை. "பாம்பக் கண்டா ஒலகம் அடிக்கும். நீங்க பாம்பையே அடிச்சு வீடு வீடாக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். அச்சடிப்பதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்து வாத்தியார் நெடுநேரம் சிரித்தார். பிறகு, பாம்புகள் பிணைகிற இடத்தில் அதிர்ஷ்டம் என்று துணி போட்டு எடுத்து வைத்துக்கொள்கிற வழக்கத்தை அவர் நினைவுபடுத்தியதும் அவள் அரைமனதாக இறங்கினாள்.

சண்டைக் காலம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு. கிடைத்த காகிதமும் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. வாத்தியார் இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டிய பாட்டை அந்தக் காகிதத்தில்தான் எழுதி, மடித்து, பள்ளிக்கூடத்து ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தஞ்சாவூரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய வளைவெழுத்து, தோய்ந்த மை. பிரித்துப் பார்த்தால் மை மறுபக்கமும் அதே கறுப்பாக ஊறியிருந்தது. எது முகம், எது முதுகு என்று குழந்தைசாமிக்குப் பிடிபடவில்லை.

யாரையாவது கேட்டிருக்கலாம். பதினைந்து வருஷ அனுபவம் கேட்க விடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் எழுத்தெல்லாம் அந்நியமாக இருந்தது. மறுபக்கத்தில் பழகிய முகமாக இருந்தது, கட்டையில் தினமும் பார்க்கிற அதே முகம். சரி, இதுதான் முகம் என்று முடிவுசெய்து, அந்தப் பக்கத்தைக் குப்புற வைத்து ஒட்டினார். தொழில் முறைப்படி பார்த்தால் ஒட்டியதில் ஒரு குறையும் இல்லை. முதுகை முகம் என்று நினைத்ததுதான் குறை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா சொன்னதா?

முதலாளி ரெங்கசாமி இருபது நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கொல்லையில் புங்கமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் உளிச் சத்தம்தான். பாம்பின் உடம்பைக் கறுப்பாக விழும்படி அப்படியே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் குழியாக எடுக்கவேண்டும். காகிதத்தில் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடாக வரும். பக்கத்தில் சொர்ணம் கல்யாணத்துக்கு உளுந்து புடைத்துக்கொண்டும் மிளகாய் காயவைத்துக்கொண்டும் இருப்பாள். பிரகதாம்பாள் ஒரு சொம்பில் கம்பங்கூழும் உரித்த வெங்காயமும் கொண்டுவந்து வைப்பாள். நாலு மணிக்கு மேல் மேகம் கூடினால் மூன்று பேருமாகக் கட்டையையும் மிளகாயையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். முதலில் எதை எடுப்பது என்று ஒருநாள் சண்டைகூட வந்தது. மிளகாய்தான் ஜெயித்தது.

செதுக்கும்போது அவருக்கு ஏதோ இடறிக்கொண்டேதான் இருந்தது. பழகிய சுழி பழகிய பக்கம் சுழியவில்லை. கை இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கோடு போயிற்று. எழுத்தெல்லாம் எங்கேயோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொர்ணத்திடம் சொன்னார். பாம்பு வயிற்றுக்குள் போன எழுத்து பின்னே எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. நடுவில் இரண்டு பாம்பும் வெட்டிக்கொள்கிற இடத்து எழுத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. இரண்டு உடம்பின் ஓட்டமும் அறுந்துவிடாமல் ஒரே எழுத்தை நிறுத்தவேண்டும். அதை முடித்த அன்றைக்கு உளியைத் துடைத்து வைத்துவிட்டு, வேறு ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைவாக இருந்தது.

கட்டை முடிந்ததும் பிரகதாம்பாள் குனிந்து பார்த்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பாம்பின் தலையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு வால் வரைக்கும் போய்விட்டாள்.

"அப்பா, இத்தன நாளா நீங்க செதுக்குன கட்டையில ஒண்ணுகூட எனக்குப் படிக்க வராது. இது எம்புட்டு நல்லா வருது!"

குழந்தைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தன் கை திருந்தியிருக்கிறது என்று நினைத்தார். சொர்ணம் கட்டைக்குத் திருஷ்டி கழித்தாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பணியாரம் சுட்டார்கள்.

மறுநாள், அதாவது கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனார். எழுத்துக் கோக்கிற நாகராசு துண்டை விலக்கிப் பார்த்தான். ஈய எழுத்தை இடவலம் மாறிக் கிடக்கும்போதே கடகடவென்று படிக்கிறவன் அவன். இரண்டு வரி உரக்கப் படித்தான். தேன் மாதிரி இருக்கிறது என்றான். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டான்.

"அண்ணே," என்றான். "இது கட்டையிலயே படிக்க முடியுதுண்ணே."

"ஆமாப்பா. எம் மகளும் படிச்சிருச்சு."

"கட்டையில படிக்க முடிஞ்சா, காயிதத்துல படிக்க முடியாதுண்ணே."

குழந்தைசாமி அதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இவருக்கு வாய்த்த குரங்கு அழகாக வேறு இருந்தது.

எதற்கும் ஒரு தாள் அடித்துப் பார்ப்போம் என்று ரெங்கசாமி மை தடவினார். தாளை உரித்து எடுத்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு கறுப்பு உடம்புகள் பின்னிக் கிடந்தன. உள்ளே வெள்ளைக் கோடுகள் சுழித்து, வளைந்து, நிமிர்ந்து, ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று ஓடின. ஒரு எழுத்தும் எழுத்தாக இல்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ரெங்கசாமிக்குப் படிக்க முட்டியது, ஈயத்தில் இப்படிப் படித்துப் பழகிய நாகராசுக்கே காகிதத்தில் முட்டியது. குழந்தைசாமிக்கு முட்டவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காகிதத்தில் எழுத்துகள் அவருக்குத் தெரிந்த முகத்தோடு இருந்தன. அந்த நேரத்திலும் அது அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியிருந்த முத்துராமன் வாத்தியாருக்கு ஆள் போயிற்று. வந்தார். தாளைக் கையில் வாங்கினார். முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மாத உழைப்பு அவருக்கும்தானே. பாம்புக்குப் பால் வார்த்தவன் நான்தான் என்று கசப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். ரெங்கசாமி பின்னாலேயே போய், பாட்டை ஈய எழுத்தில் நேராகக் கோத்துப் பாம்புக்குக் கீழே போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். குழந்தைசாமி எழுந்து வந்தார்.

"அது மட்டும் வேணாம் முதலாளி. கீழ நேரா இருந்தா மேல தப்பா இருக்குறது பச்சப்புள்ளைக்கும் தெரிஞ்சுரும். மாப்பிள்ள வாத்தியாருங்க. 'மாமனாருக்கு முதுகும் மொகமும் தெரியல'ன்னு ஒரு சொல்லு வந்தா எம் மக எப்புடித் தல நிமுந்து நிக்கும்? அடிக்கவே வேணாம். நான் அடுப்புல போட்டுட்டுப் போறேன்."

வாசலில் நல்ல வெயில். வாத்தியார் கையில் இருந்த தாளை வெளிச்சம் ஊடுருவியதில் கோடுகள் பின்பக்கமும் தெரிந்தன. திருப்பினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் உதடு அசைந்தது. முதல் பாம்பை முடித்து இரண்டாவது பாம்புக்குப் போய், அதையும் முடித்தார்.

"காயிதம் மெலிசு. பின்பக்கமாப் பாத்தா ஒரு எழுத்துப் பெசகல," என்றார். "அடுப்புலயா போடுவ? நாகபந்தத்த நேரா அடிச்சாலே எவனுக்கும் சட்டுனு படிக்க வராது. இது இன்னும் ஒரு பூட்டுக் கூடன்னு வச்சுக்கிருவோம். பாட்டு எனக்கு மனப்பாடம், நான் பாடிர்றேன். ரெங்கசாமி, நீங்க அடிங்க."

நூறு தாள் அடித்தார்கள். மை காய்வதற்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டதில் அச்சுக்கூடம் முழுக்கப் பாம்பாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் திருப்பதி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், ஒன்று எனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். குழந்தைசாமிக்கு அதில் ஒரு சொட்டுத் தைரியம் வந்தது.

மறுநாள் காலை வல்லத்திராக்கோட்டைக்காரர்கள் பாதிப்பேர் வண்டி கட்டிக்கொண்டும் மீதிப்பேர் பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரி பஸ்ஸிலும் வந்து இறங்கினார்கள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு மூக்கெல்லாம் கரி. ராத்திரி பெய்த மழையில் பந்தல் குளிர்ந்து கிடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். முத்துராமன் வாத்தியார் எழுந்து, தாளை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினார். பெண்ணின் பேரும் மாப்பிள்ளையின் பேரும் வருகிற இடத்தில் இரண்டு தரம் பாடினார்.

கூட்டத்தில் நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். படித்தவர்கள் எல்லாரும் தாளை நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குப் படிக்க வரவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர், சித்திரகவி என்றால் இப்படித்தான் இருக்கும், பழைய இலக்கணம் தெரிந்தால்தான் விளங்கும் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார். பக்கத்தில் இருந்தவரும் ஆமாம் என்றார். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மாப்பிள்ளை செல்லமுத்து மட்டும் மணையில் உட்கார்ந்தபடியே தாளைக் கொஞ்சநேரம் பார்த்தான். வாத்தியார் தாளைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தான். தன் தாளைத் திருப்பி மேலே தூக்கினான். அவன் உதடு அசைந்ததைக் குழந்தைசாமி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். போச்சு என்று நினைத்தார். செல்லமுத்து தாளைப் பிரகதாம்பாள் பக்கம் சாய்த்து ஏதோ சொன்னான். அவளும் மேலே பார்த்துப் படித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று குழந்தைசாமிக்குத் தெரியவில்லை. கேலியா, சந்தோஷமா? பந்தியில் ஆட்களை உட்காரவைக்கும்போதும், இலையில் சாம்பார் ஓடாமல் சோற்றில் குழி வைத்துக் கொடுக்கும்போதும் அவர் மனசு அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த நேரத்தில் அய்யாக்கண்ணு அவரைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். கையில் தாள். மடித்த மடிப்பே இல்லை. காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"இங்கிட்டா இருக்கீங்க? ஒங்களத்தான் தேடிக்கிட்டு வாரேன். ஒண்ணு கேக்கணும் சம்பந்தி."

மகன் சொல்லியிருக்கிறான், அதுதான் வந்திருக்கிறார். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட நாமே சொல்லிவிடுவது மேல் என்று குழந்தைசாமிக்குப் பட்டது. கையைக் கூப்பினார்.

"நானே சொல்லிப்புடுறேங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. மச்சினன் சொன்னது பொய்யில்ல, செதுக்கத்தான் தெரியும். அதான் இந்தத் தாளு இடவலம் மாறிப் போச்சு. தப்பு எம்மேல. எம் மக படிச்ச புள்ளைங்க, அத ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க."

அய்யாக்கண்ணு அவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். புங்கமரத்தடியில் கிடந்த சாக்கில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"மாறியா போச்சு?" என்றார். "எனக்கு எப்புடித் தெரியும்? எனக்குந்தான் எழுத்துத் தெரியாது."

குழந்தைசாமி கூப்பிய கையை இறக்க மறந்துவிட்டார்.

"நெசமாத்தான் சொல்றேன். வீட்டுல பையன் படிப்பான், நான் கேட்டுக்குவேன். நாந்தான் தற்குறி, வர்ற எடமாவது எழுத்துத் தெரிஞ்ச எடமா இருக்கட்டுமேன்னுதான் ஒங்க மச்சினன்கிட்ட அப்புடிக் கேட்டேன். அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வந்தப்ப எம்புட்டுப் பயந்துக்கிட்டு வந்தேன் தெரியுமா? எதையாவது படிச்சுப் பாக்கச் சொல்லிப்புடுவீங்களோன்னு. அதான் நான் முந்திக்கிட்டுப் பேப்பருல என்ன போட்டுருக்குன்னு கேட்டது."

குழந்தைசாமியும் சாக்கில் உட்கார்ந்தார்.

"பந்தல்ல எல்லாரும் படிச்சுப்புட்டு மடிச்சு மடியில வச்சுட்டாங்க. எனக்குப் படிக்க வழியில்ல, பாத்துக்கிட்டே இருந்தேன்," என்று அய்யாக்கண்ணு தாளைத் தொடையில் விரித்தார். "வாலுலேருந்து வெரல வச்சுக்கிட்டே போனா சுத்திச் சுத்தித் தலையில கொண்டாந்து விட்டுருது. எங்கயும் முட்டல, எங்கயும் அறுகல. இது எப்புடிய்யா ஒரு மனுசன் கையில வந்துச்சுன்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க என்னமோ அழுகுறீங்க."

நடுவில் இரண்டு பாம்பும் வெட்டிக்கொள்கிற இடத்தில் அவர் விரல் நின்றது. "இந்தா இருக்கு பாருங்க, ரெண்டும் சேருற எடத்துல ஒண்ணே ஒண்ணு. இது என்ன எழுத்து?"

"தெரியலீங்களே," என்றார் குழந்தைசாமி. "செதுக்க மூணு நாளு ஆச்சு."

அவ்வளவுதான். அய்யாக்கண்ணு ஆரம்பித்த சிரிப்பு குழந்தைசாமியைப் பிடித்துக்கொண்டது. வெற்றிலைச் சாறு புரையேறி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த சொர்ணம் கரிக்கையோடு ஓடிவந்து, என்ன ஆச்சு, எதற்கு இந்தச் சிரிப்பு என்று கேட்டாள்.

அய்யாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நிமிர்த்திப் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சம்பந்தியும் நானும் படிச்சுக்கிட்டு இருக்கோம்."